10 கிராம் அழுத்தம்: இதயத்தைத் தொடும் இயந்திரம் எதை உணர்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்று எங்கு பார்த்தாலும் செம்பனைதான். என் அம்மா நிரை பிடித்து வேலை செய்த காலத்தில் அங்கே பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், நின்றன. சென்ற ஆண்டு என் மாமாவுக்குக் கோலாலம்பூரில் இதயத் துடிப்புக் கோளாற்றுக்கான சிகிச்சை நடந்தது. தொடையிலுள்ள சிரை வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறு பிறக்கும் இடங்களைச் சுட்டு அடைத்தார்கள் என்று நான் வீட்டில் விளக்கியபோது, அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அவ்வளவு தூரத்துல இருந்து அமுத்துறாங்களே, எவ்வளவு அமுத்துறோம்னு அந்தக் கைக்கு எப்படிப்பா தெரியும்?”

பால் வெட்டிய ஒருவருக்கு இந்தக் கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. பால்மரத்துப் பட்டையில் பால் ஓடும் நாளங்கள் உட்பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே உளி போதிய ஆழம் போனால்தான் பால் நன்றாக இறங்கும். அந்த நாளங்களுக்கும் அப்பால், கட்டையை ஒட்டி, புதுப் பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. உளி அதைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்துவிடும். பிறகு அங்கே சீராக உளி வைக்க முடியாது. அந்தப் படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னதாக நின்றுவிடுவதே நல்ல வெட்டு. விடியாத இருட்டில், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண் அளப்பதில்லை. பட்டையில் உளி இழுபடும்போது கைக்கு வரும் எதிர்ப்பு மாறுவதைக் கொண்டே ஆழம் தெரிகிறது. இதயத்தின் இடது மேலறைச் சுவரின் தடிப்பு பெரும்பாலான இடங்களில் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். சில இடங்களில் அதனினும் குறைவு. இயந்திரக் கை இதயத்துக்குள் நுழைந்த நாள் முதல் பொறியாளர்களும் மருத்துவர்களும் விடை தேடிவரும் கேள்வியைத்தான் அம்மா கேட்டிருந்தார்.

மார்பெலும்பை நடுவே பிளந்து செய்யும் திறந்த அறுவையில் மருத்துவரின் விரல் இதயத்தையே தொடுகிறது. இரத்தக் குழாயின் சுவரில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து கெட்டிப்பட்ட இடத்தை விரல் நுனி தடவிக் கண்டுபிடித்துவிடும். தையல் நூலை இழுக்கும்போது திசு எந்த அளவுக்குத் தாங்கும், எந்த இடத்தில் கிழியும் என்பதைக் கை முன்கூட்டியே சொல்லிவிடும். 1998ஆம் ஆண்டு பாரிஸில் இதய அறுவை மருத்துவர் அலென் கார்ப்பெந்தியே, பின்னாளில் டா வின்சி என்று உலகம் அறிந்த ரோபோவின் தொடக்க வடிவத்தைக் கொண்டு, இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வைச் சீரமைத்தார். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்த இயந்திரத்தைப் பொது அறுவைகளுக்கு 2000ஆம் ஆண்டிலும், மைட்ரல் வால்வுச் சீரமைப்புக்கு 2002ஆம் ஆண்டிலும் அனுமதித்தது. இம்முறையில் மருத்துவர் நோயாளியிடமிருந்து சில மீட்டர் தள்ளி ஒரு மேசைக் கருவியின் முன் அமர்ந்திருப்பார். வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள சிறு துளைகள் வழியாக இயந்திரத்தின் மெல்லிய கைகள் உள்ளே செல்லும். இதய நுரையீரல் இயந்திரம் உடலுக்கு இரத்தம் ஓட்டிக்கொண்டிருக்க, நிறுத்தப்பட்ட இதயத்தின் மீது வேலை நடக்கும்.

இதில் மருத்துவர் பெறுவன பல. பத்து மடங்கு வரை பெரிதாகத் தெரியும் முப்பரிமாணக் காட்சி, கையின் நடுக்கத்தை வடிகட்டும் கணினி, கை பெரிதாக அசைந்தாலும் கருவி நுனியைச் சிறிதாக மட்டும் அசைக்கும் வசதி, மனித மணிக்கட்டைப் போலத் திரும்பும் கருவி ஆகியவை கிடைக்கின்றன. நோயாளிக்கு மார்பெலும்பு பிளக்கப்படாமல் தப்புகிறது. இத்தனைக்கும் ஈடாகப் பறிபோனது தொடு உணர்வு. மருத்துவரின் விரல் பிடித்திருக்கும் கைப்பிடிக்கும், வால்வின் இதழைப் பிடித்திருக்கும் நுனிக்கும் நடுவே மோட்டார்களும், கப்பிகளும், மெல்லிய எஃகுக் கம்பிகளும், கணினியும் இருக்கின்றன. மருத்துவர் அசைத்தது நுனிக்குப் போகிறது. நுனி பட்ட எதிர்ப்பு திரும்பி வருவதில்லை.

அந்த இழப்பைக் கண்ணால் ஈடுகட்டப் பழகினார்கள். திசு எவ்வளவு குழிகிறது, நூல் எந்த அளவுக்கு விறைப்பாகிறது, அழுத்திய இடம் எப்போது வெளிறுகிறது என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்து, தேர்ந்த மருத்துவர்கள் கையால் உணர்வதைப் போலவே ஊகித்துவிடுகிறார்கள். இந்தத் திறமையை நான் உண்மையாகவே மதிக்கிறேன்; ஆயிரக்கணக்கான இதய அறுவைகள் இப்படித்தான் நல்லபடியாக முடிந்திருக்கின்றன. ஆயினும் கண் ஏமாறும் இடங்கள் உண்டு. வால்வைத் தைக்கப் பயன்படும் மெல்லிய ஒற்றை இழை நூலை உலோக இடுக்கி சற்றுக் கடுமையாகப் பிடித்துவிட்டால், நூலின் மேல் ஏற்படும் நசுங்கல் பார்வைக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் நூலின் வலு அந்த இடத்தில் குறைந்துவிடும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதய அறுவை மருத்துவர்களும் அலிசன் ஒக்காமுரா உள்ளிட்ட பொறியாளர்களும் சேர்ந்து 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. முடிச்சுப் போடும்போது நூலில் ஏறும் விசையை அளந்து, அதைக் கைக்குத் திருப்பி அனுப்பாமல் திரையில் காட்டினார்கள். நூலை இழுக்கும் விசை அதனால் மேலும் சீரானது. உணர்வைக் கண்ணுக்கு மாற்றித் தருவதும் பயன் தரும் என்பதற்கு அது ஒரு தொடக்கச் சான்று.

பொதுமக்களுக்காக எழுதப்படும் செய்திகளில் மூன்று வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள் என்பதால், அவற்றை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. விசையை அளப்பது ஒரு வேலை. அளந்ததை எண்ணாகவோ நிறமாகவோ காட்டுவது இன்னொரு வேலை. அளந்ததை மருத்துவரின் கையில் எதிர்ப்பாக உணரவைப்பது மூன்றாவது வேலை. “ரோபோவுக்குத் தொடு உணர்வு வந்துவிட்டது” என்ற தலைப்பைப் படிக்கும்போது, இவற்றில் எது வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதயத்தைப் பொறுத்தவரை முதல் இரண்டும் எப்போதோ நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கிவிட்டன. மூன்றாவதற்கு இன்னும் பாதை முழுமையாகத் திறக்கவில்லை.

அளப்பதே எளிதன்று. கருவியின் பின்முனையில், உடலுக்கு வெளியே, உணரியைப் பொருத்தினால் அது மலிவு; கொதிநீராவியால் கிருமி நீக்கும்போது அது கெடுவதில்லை. ஆனால் துளையின் வாயில் கருவி உராயும் விசை, உட்கம்பிகளின் உராய்வு, கருவியின் எடை ஆகிய அனைத்தும் சேர்ந்துதான் அங்கே பதிவாகும். உள்ளே திசுவில் படும் சிறு விசை அந்த உராய்வுக்குள் மூழ்கிப்போகும். நுனியிலேயே உணரியை வைத்தால் அளவு துல்லியமாக வரும். ஆனால் 8 மில்லிமீட்டர் தடிப்புள்ள கருவியின் நுனியில் அசையும் மணிக்கட்டும் கம்பிகளும் இருக்கும்போது உணரிக்கு இடம் எங்கே? இரத்தம், வெப்பம், திசுவைச் சுடும் மின்சாரம் ஆகிய மூன்றையும் அது தாங்கவும் வேண்டும். சில முறை பயன்படுத்தியபின் கழித்துவிடும் கருவியில் விலை உயர்ந்த உணரியைப் பொருத்தினால், அந்தச் செலவு கடைசியில் நோயாளியின் தலையில்தான் விழும்.

இந்த முடிச்சை முதலில் அவிழ்த்தவர்கள் ரோபோ அறுவை மருத்துவர்கள் அல்லர். என் மாமாவுக்குச் செய்ததைப் போன்ற குழாய் வழிச் சிகிச்சையில் ஈடுபட்டவர்கள். 1998ஆம் ஆண்டு பிரான்ஸின் போர்தோ நகரில் மிஷேல் ஆய்சகேரும் அவருடைய குழுவினரும், மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் கோளாறு பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயிலிருந்து கிளம்புகிறது என்று காட்டினார்கள். அந்தச் சிரைகளைச் சுற்றி மேலறைச் சுவரில் சுட்ட வடுக்களால் வேலி கட்டிவிட்டால் கோளாறான மின்துடிப்பு வெளியே வராது. வேலியில் ஓர் இடைவெளி விட்டாலும் துடிப்பு அதன் வழியே கசிந்துவிடும். வடு சுவரின் முழுத் தடிப்புக்கும் இறங்க வேண்டும். ஆனால் சுவருக்கு அப்பால் இறங்கிவிடக் கூடாது. பின்சுவரை ஒட்டி உணவுக்குழாய் இருக்கிறது. சுவர் துளைபட்டால் இதய உறைக்குள் இரத்தம் தேங்கி, இதயத்தையே நெருக்கிவிடும். போதிய ஆழம் போக வேண்டும், அதற்கு ஒரு மயிரிழை முன்னே நிற்கவும் வேண்டும் என்ற பால் வெட்டின் கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது.

வடுவின் ஆழத்தை மின்னாற்றல், நேரம், குழாயின் நுனி சுவரில் அழுந்தும் விசை ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. முதல் இரண்டையும் இயந்திரத்தில் திருகி வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. ஒரு மீட்டருக்கும் மேல் நீண்டு வளையும் குழாயின் மறுமுனையைப் பிடித்திருக்கும் கைக்கு வந்துசேரும் உணர்வு மிகச் சொற்பம். எக்ஸ்ரே படத்தில் குழாய் வளைவதும், நுனியில் மின்தடை மாறுவதும் தந்த குறிப்புகளும் உண்மையான விசையோடு சரியாகப் பொருந்தவில்லை.

இதற்கு இரு வகை உணரிகள் வந்தன. டாக்டிகேத் என்ற குழாயில் 0.125 மில்லிமீட்டர் தடிப்புள்ள மூன்று கண்ணாடி இழைகள் நுனியருகே சுற்றிலும் பொருத்தப்பட்டன. அத்தகைய இழையின் ஒரு சிறு பகுதியில் சீரான இடைவெளியில் வரிகள் பதித்திருப்பார்கள். உள்ளே அனுப்பும் ஒளியில் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் அந்த வரிகள் திருப்பி அனுப்பும். நுனி எதிலாவது அழுந்தினால் இழை மிக நுட்பமாக நீளும் அல்லது சுருங்கும். வரிகளின் இடைவெளி மாறும். திரும்பிவரும் ஒளியின் அலைநீளமும் மாறும். மூன்று இழைகளின் மாற்றத்தையும் ஒப்பிட்டால் விசையின் அளவோடு அதன் திசையும் தெரிந்துவிடும். ஒளி மட்டுமே ஓடுவதால், திசுவைச் சுடும் மின்சாரம் இந்த அளவீட்டைக் குலைப்பதில்லை. ஆனால் வெப்பமும் இழையை நீளச்செய்யும் என்பதால் அதைக் கழித்துக் கணக்கிட வேண்டும். ஸ்மார்ட்டச் என்ற மற்றொரு குழாயில் நுனிக்குப் பின்னால் ஒரு நுண்ணிய சுருள்வில் இருக்கிறது. அந்த வில் எவ்வளவு அமுங்குகிறது என்பதைக் காந்தக் குறிகையால் அளந்து விசையாக மாற்றுகிறார்கள். இரண்டையும் அமெரிக்க நிர்வாகம் 2014ஆம் ஆண்டில் அனுமதித்தது.

இவற்றின் அளவு கிராமில் சொல்லப்படுகிறது. 10 கிராம் என்பது நம் ஊர் ஐம்பது சென் காசுகள் இரண்டின் எடையைவிடச் சற்றுக் குறைவு. டாக்டிகேத்தின் தொடக்க ஆய்வான தொக்காட்டாவில், சராசரியாக 10 கிராமுக்கும் குறைவான அழுத்தத்தில் சுடப்பட்டவர்கள் அனைவருக்கும் ஓராண்டுக்குள் கோளாறு திரும்பியது. 20 கிராமுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் சுடப்பட்டவர்களில் 80 விழுக்காட்டினருக்குத் திரும்பவில்லை. சிறிய குழுவில் செய்த ஆய்வு அது என்பதை மறந்துவிடக் கூடாது; இருந்தாலும் அந்த வேறுபாடு மருத்துவர்களை உலுக்கியது. பிறகு வந்த, குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் செய்த தொக்காஸ்டார் ஆய்வில், உணரியுள்ள குழாய் மற்றதற்குக் குறைந்ததன்று என்று மட்டுமே ஒட்டுமொத்த முடிவு வந்தது. உணரி இருந்தும், பத்தில் ஒன்பது சூடுகளையாவது 10 கிராமுக்குக் குறையாத அழுத்தத்தில் வைத்தவர்களிடமே நல்ல பலன் தெளிவாகத் தெரிந்தது. எண் திரையில் ஓடுவதால் மட்டும் பயனில்லை, அதைப் பார்த்துக் கை திருந்த வேண்டும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சராசரி எண்ணில் மறைந்திருக்கும் சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். இதயம் துடிக்கிறது, நுரையீரல் ஏறி இறங்குகிறது. சுவர் குழாயை நோக்கி வந்து வந்து விலகுவதால், 20 கிராம் என்ற சராசரி உண்மையில் பூச்சியத்துக்கும் 40 கிராமுக்கும் நடுவே ஊசலாடும் விசையாக இருக்கலாம். ஜெனீவாவைச் சேர்ந்த தீபன் ஷா 2010ஆம் ஆண்டு தம் குழுவினரோடு வெளியிட்ட ஆய்வுக்கூடச் சோதனையில், உச்ச அழுத்தம் ஒன்றாகவே இருந்தும், தொடர்ந்து தொட்டுக்கொண்டிருந்த முனை பெரிய வடுவையும், விட்டு விட்டுத் தொட்ட முனை சிறிய வடுவையும் உண்டாக்கின. அதனால்தான் விசையை நேரத்தோடு சேர்த்துக் கூட்டிச் சொல்லும் அளவுகள் வழக்குக்கு வந்தன. உணரியைத் தொடக்கத்தில் பூச்சியத்தில் நிறுத்துவதும் இதே அளவுக்கு முக்கியம். குழாயின் நுனி எந்தச் சுவரிலும் படாமல் இரத்தத்தில் மிதக்கும்போதுதான் அதைச் செய்ய வேண்டும். வாளியின் எடையைக் கழிக்காமல் பால் நிறுத்தால் கணக்கு எப்படித் தவறுமோ, அப்படித்தான் சுவரில் சாய்ந்திருக்கும் முனையைப் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டால் பிறகு காட்டும் ஒவ்வொரு எண்ணும் தவறிவிடும்.

இந்தக் குழாய்களையே இயந்திரத்தால் ஓட்டும் முயற்சிகளும் நடந்தன. ஹான்சன் மெடிக்கல் நிறுவனத்தின் சென்செய் ரோபோ 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நுனியில் உணரி வைக்காமல், குழாயை அதன் உறைக்குள் சற்றே முன்னும் பின்னுமாக இடைவிடாது அசைத்து, உராய்வைக் கழித்து, வெளிமுனையிலிருந்தே நுனியின் விசையைக் கணித்த அதன் வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டீரியோடாக்சிஸ் நிறுவனம் வேறு வழியில் போனது. நோயாளியின் இருபுறமும் பெரிய காந்தங்களை வைத்து, நுனியில் காந்தம் பொருத்திய மிக நெகிழ்வான குழாயைத் திருப்புகிறார்கள். அந்தக் குழாய் மென்மையாக இருப்பதாலும், காந்தப்புலம் தரும் விசை சிறிதாக இருப்பதாலும், சுவரைத் துளைக்கும் அளவுக்கு அழுத்தும் வாய்ப்பு மிகக் குறைவு. விசையை அளந்து கட்டுப்படுத்துவதற்கு முன்னதாக, மிகுதியான விசையே பிறக்காதபடி கருவியை அமைப்பது என்ற இந்தச் சிந்தனைக்குப் போதிய மதிப்புத் தரப்படவில்லை என்பது என் கருத்து.

எங்கள் ஊரிலிருந்து பார்க்கும்போது தொலைவு ஒரு பெரிய விஷயம். ஈப்போ அருகில்தான்; ஆனால் 1992இல் தொடங்கப்பட்ட தேசிய இருதயக் கழகம் கோலாலம்பூரில் இருக்கிறது, போய்வர ஒரு நாள் ஆகிவிடும். மருத்துவர் தலைநகரில் இருந்துகொண்டே இங்குள்ளவருக்குச் சிகிச்சை செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு நிகழ்வு உண்டு. 2018 டிசம்பரில் குஜராத்தில் தேஜஸ் படேல், காந்திநகர் அக்ஷர்தாம் கோயில் வளாகத்தில் அமர்ந்தபடி, ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தள்ளி அகமதாபாத் மருத்துவமனையில் படுத்திருந்த ஐந்து நோயாளிகளின் இதயக் குழாய் அடைப்புகளை கோர்பாத் ரோபோவால் சரிசெய்தார். அவர் திரையைப் பார்த்தே வேலை செய்தார். கம்பி அடைப்பில் முட்டும் உணர்வு அவர் விரலுக்கு வரவில்லை. அந்த ரோபோவை உருவாக்கிய நிறுவனத்தை 2019இல் வாங்கிய சீமென்ஸ் ஹெல்தினியர்ஸ், 2023இல் இதயச் சிகிச்சைத் துறையில் அதைக் கைவிடுவதாக அறிவித்தது.

உணர்வைக் கைக்கே திருப்பி அனுப்புவது ஏன் இத்தனை கடினம் என்பதைக் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி ஊளையிடுவதை நினைத்தால் புரிந்துகொள்ளலாம். ஒலிவாங்கியில் நுழைந்த ஒலி பெருக்கியில் பெரிதாகி, மீண்டும் ஒலிவாங்கிக்குள்ளேயே நுழைந்து, சுற்றிச் சுற்றி வளர்கிறது. மருத்துவரின் கை இயந்திரத்தை அசைக்க, இயந்திரம் திசுவில் பட்ட விசையைக் கைக்கு அனுப்ப, அந்த விசை கையைத் தள்ள, கை மறுபடியும் இயந்திரத்தை அசைக்கும் சுற்றிலும் இதே ஆபத்து இருக்கிறது. நடுவே சிறு தாமதம் புகுந்தால் நடுக்கம் வளரும். கைக்கு உண்மையான தொடுதலாகத் தோன்ற, விசையை நொடிக்கு ஏறத்தாழ 1000 முறை புதுப்பிக்க வேண்டும். 2001 செப்டம்பரில் ஜாக் மாரெஸ்கோ நியூயார்க்கில் இருந்தபடி பிரான்ஸின் ஸ்த்ராஸ்பூர் நகரிலிருந்த பெண்ணுக்குப் பித்தப்பை அறுவை செய்தபோது, அசைவு போய்க் காட்சி திரும்ப ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கை ஒட்டிய நேரம் பிடித்தது. கண்ணுக்கு அது பொறுக்கத்தக்க தாமதம். விசை திரும்பும் சுற்றுக்கு அது பெரிய தாமதம். நடுக்கம் வராமலிருக்க விசையை மழுக்கி அனுப்பினால், கைக்கு வருவது உண்மையின் நிழலாக மட்டும் இருக்கும். துடிக்கும் இதயத்திலோ, தொடப்படும் பொருளே நொடிக்கு ஒரு முறைக்கு மேல் நகர்கிறது.

2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி 5, நுனியருகே விசையை உணர்ந்து மருத்துவரின் கைக்குத் திருப்பி அனுப்பும் கருவிகளோடு வந்தது. நோயாளிகளிடம் பயன்படுத்துவதற்கு முந்திய சோதனைகளில், திசுவின் மீது செலுத்தப்பட்ட விசை 43 விழுக்காடு வரை குறைந்ததாக அதன் நிறுவனம் சொல்கிறது. ஆனால் அந்த முதல் அனுமதி இதய அறுவைகளை உள்ளடக்கவில்லை. இதற்கிடையே பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பியேர் டூபோன் குழுவினர் 2019இல் வேறொரு வழியைக் காட்டினார்கள். குழாயின் நுனியில் சிறு கேமராவையும் விளக்கையும் வைத்து, அது இரத்தத்தில் மிதக்கிறதா, சுவரைத் தொடுகிறதா, வால்வைத் தொடுகிறதா என்பதைப் படத்திலிருந்தே கணினி கண்டுபிடிக்குமாறு செய்தார்கள். துடிக்கும் பன்றி இதயத்துக்குள் அந்தக் குழாய், பார்வையற்றவர் கைத்தடியால் சுவரைத் தட்டித் தட்டி நடப்பதைப் போலச் சுவரோரமாகத் தானே நகர்ந்து, செயற்கை வால்வின் ஓரத்தில் இரத்தம் கசியும் இடத்தைச் சென்றடைந்தது. அங்கே மனிதக் கைக்கு எதையும் திருப்பி அனுப்ப வேண்டிய தேவையே எழவில்லை.

அம்மாவுக்கு நான் கடைசியில் சொன்ன விடை சுருக்கமானது: மாமாவுக்குச் செய்தபோது கைக்குத் தெரியவில்லை, திரைக்குத் தெரிந்தது, ஒவ்வொரு சூட்டுக்கும் எத்தனை கிராம் என்று எண் ஓடியது. அவர் சற்று யோசித்துவிட்டு, அந்த எண் சரிதானா என்று யார் பார்ப்பது என்று கேட்டார். சிகிச்சை தொடங்குமுன் பூச்சியத்தில் நிறுத்துவதையும் வெப்பத்தைக் கழிப்பதையும் அவருக்கு விளக்கினேன். வெப்பத்துக்கு மாறாக மின்துடிப்பால் திசுவைச் செயலிழக்கச் செய்யும் புதிய முறை 2023இன் கடைசியிலும் 2024இலும் அமெரிக்க அனுமதி பெற்றதையும், அதில் அழுத்தத்தின் துல்லியம் முன்போல் அத்தனை கூர்மையாக வேண்டியதில்லை என்றாலும் முனை சுவரைத் தொட்டிருக்கிறதா என்பது இன்னும் தெரிந்தாக வேண்டும் என்பதையும் சொன்னேன். “தொடாம வெட்டுனா பால் வராதுல்ல,” என்றார் அம்மா.